ரோபினா பறந்த தூரம்

“வான் போக்குவரத்துப் பாதுகாப்பில் இருபதாண்டு அனுபவம் மிக்கவர், விமானங்களோடே வாழ்பவர், எந்த நெருக்கடியிலும் பதறாதவர்.” எங்கள் தீவின் விமானத்தளத்தில் வேலை பார்க்கும் ரோபினா ட்ரெவரைப் பற்றி மேலிடம் அச்சடித்து அனுப்பிய பாராட்டுரை இது. இதில் இருபதாண்டு என்பது மட்டும் உண்மை. அந்த இருபதாண்டில் அவர் ஒருமுறைகூட விமானத்தில் ஏறியதில்லை.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னித் தீவுக்கூட்டத்தில் எங்கள் பாப்பே தீவிலிருந்து எதிரே இருக்கும் வெஸ்ட்ரே தீவுக்கு இரண்டு மைல்கூட இல்லை. விமானத்தில் இரண்டு நிமிடம்; பின்காற்று இருந்தால் அதுவும் இல்லை. உலகத்திலேயே குறுகிய விமானப் பயணம் என்று வெளியூர்க்காரர்கள் ஏறிப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். நாங்கள் பல் பிடுங்கிக்கொள்ள ஏறுகிறோம். ரோபினா எதற்கும் ஏறமாட்டார். தீயணைப்பு வண்டியில் தலைக்கவசத்தோடு ஆள் நின்றால்தான் விமானம் கிளம்பலாம் என்பது விதி; அந்த ஆள் ரோபினா.

“நான் ஏறிட்டா வண்டியில யாரு நிக்கிறது?” என்பார். பயத்துக்கு இவ்வளவு கௌரவமான உத்தியோகம் வேறு யாருக்கும் வாய்த்ததில்லை.

வெஸ்ட்ரேக் கண்காட்சியில் வருஷாவருஷம் பார்லி ரொட்டிப் போட்டி நடக்கும். பரிசு எப்போதும் ரோபினாவின் நாத்தனார் மீமாவுக்குத்தான். அவள் வீடு அங்கேயே. ரோபினா போகவேண்டிய படகோ கண்காட்சியன்றுதான் அலைக்குப் பயந்து நின்றுவிடும். இந்த வருஷமும் நின்றது. உடனே மீமாவின் போன்.

“என்ன அண்ணி, இந்த வருஷமும் உங்க ரொட்டியை நாங்க கனவுலதான் திங்கணுமா?”

ரோபினா போனை வைத்த வேகத்தில் சுவர் அதிர்ந்தது. “இன்னைக்கு இவளை ஜெயிக்கலைன்னா இனி நான் அடுப்பே பத்த வைக்கமாட்டேன்!”

“அப்ப பிளேன்ல போ,” என்றார் கணவர் எர்லண்ட். “வண்டியில நான் நிக்கிறேன்.”

“உனக்கு யாருய்யா தலைக்கவசம் குடுப்பா?”

“பயிற்சி முடிச்சவனுக்குக் குடுப்பாங்க. போன மாசம் முடிச்சேன்.”

“ஆட்டுச் சந்தைக்குப் போறேன்னியே!”

“ஆடும் பார்த்தேன்.”

வேறு சாக்கு அகப்படவில்லை. சுடச்சுட ரொட்டிகளைத் துணியில் கட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, விமானி கேர்ஸ்டிக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி, கண்ணை இறுக மூடிக்கொண்டார். எர்லண்ட் வண்டியிலிருந்து கையசைத்தது வீணாயிற்று.

“ரோபினாக்கா, கண்ணைத் தொறந்து பாருங்க, கடல் எவ்வளவு அழகா இருக்கு!”

“உன் கண்ணு தொறந்திருக்கா? அது போதும்.”

கொஞ்சம் குலுங்கியது. கேர்ஸ்டி அவர் தோளைத் தட்டினாள். “எறங்குங்க.”

“ஏன்? கிளம்பலையா?”

“வந்தாச்சு.”

போட்டி மேசையில் மூட்டையை அவிழ்த்தபோது உள்ளே ரொட்டி இல்லை. ரொட்டியாக இருந்த தூள் இருந்தது. அத்தனை அணைப்பு. மீமா எட்டிப் பார்த்தாள்.

“கோழிங்களுக்கான போட்டி அடுத்த கொட்டகை, அண்ணி.”

நடுவர் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு, கண் மூடி ரசித்து, பிறகு முழு ரொட்டியாக இருந்தால்தான் பரிசு என்று வருத்தத்தோடு சொன்னார். பரிசு மீமாவுக்கே போயிற்று.

மாலை விமானத்தில் இடம் இருந்தது. காற்றும் தோதாக இருந்தது. அலை அடங்கும்வரை ரோபினா மூன்று நாள் மீமா வீட்டில் தங்கி, அவள் சுட்ட ரொட்டியைத் தின்றுவிட்டு, படகில் வீடு திரும்பினார்.