தாலி கட்டும் முன் நின்றுபோன படம்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் சிடியில் படம் போட்டுத் தரும் வசதி இருக்கிறது என்று ஊருக்குள் பரப்பியது என் வீட்டுக்காரர்தான். மாதா கோவில் தேர்பவனியை யாரோ கேமராவில் பிடித்திருந்தார்கள். அதை ஐந்தாறு சிடியாகப் போட்டுக் கோவில் கமிட்டிக்குக் கொடுத்தேன். ஒண்டிக்கடை முக்குக்கு டீ குடிக்கப் போன மனிதர், "இதுக்குப் போயி எதுக்குங்க சேலத்துக்கு எறங்கறீங்க? எங்க ஊட்டுலயே போட்டுத் தருவாங்க" என்று பெருமையடித்துவிட்டு வந்துவிட்டார். அடுத்த வாரமே எங்கள் வாசலில் செருப்புகள் கூட ஆரம்பித்தன.

காதுகுத்து, மாதா கோவிலில் முதல் நன்மை, வளைகாப்பு, எஸ்டேட் கிரிக்கெட் மேட்ச் என்று எல்லாம் வந்தன. சினிமாப் படம் கேட்டு வந்தவர்களை மட்டும் திருப்பி அனுப்பினேன். "இங்க சொந்தப் படம் மட்டுந்தான்" என்று சொல்லும்போது எனக்கே கொஞ்சம் கர்வமாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். ஊருக்குள் சிடி டீச்சர் ஆகிவிட்டேன்.

கம்ப்யூட்டர் சிடியில் படம் எழுதிக்கொண்டிருக்கும்போது வீட்டில் ஊரடங்குதான். மிக்ஸி போடக்கூடாது, அயர்ன் பாக்ஸ் தொடக்கூடாது. எங்கள் மலையில் நாலு தூறல் விழுந்தாலே கரண்ட் கண்ணாமூச்சி ஆடும். தொண்ணூறு சதவீதம் எழுதியிருக்கும்போது விளக்கு லேசாக மங்கினால்கூட நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன். பாதியில் செத்த சிடிகளை என் வீட்டுக்காரர் மிளகுக்கொடியில் கட்டித் தொங்கவிட்டுக் குருவி விரட்டினார். "உன்னோட தோல்வியெல்லாம் நல்லா மின்னுது" என்று என் காதுபட வேறு சொல்வார். முறைத்துவிட்டு அடுத்த சிடியைத் தட்டில் வைப்பேன்.

இப்படி இருக்கையில், ஒரு சனிக்கிழமை காலையில் கொட்டச்சேட்டிலிருந்து ஓர் அக்கா வந்தார். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர். அவர் மகள் என்னிடம் படித்தவள். பின்னங்கள் என்றால் பயந்து அழுவாள், மற்றபடி தங்கமான பெண். அவளுக்கு ஆத்தூர்ப் பக்கம் கல்யாணமாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. மருமகன் கல்யாணப் படத்தைப் பென்டிரைவில் போட்டு, கூடவே ஒரு டிவிடி பிளேயரும் வாங்கிக் கொடுத்துவிட்டிருந்தார். படத்தைச் சிடியில் போட்டால்தான் அந்தப் பிளேயரில் ஓடும். அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பென்டிரைவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"தாலி கட்டறத நான் பாக்கலீங்க டீச்சரம்மா. அத ஒருக்கா பாத்துட்டாப் போதுங்க."

ஏன் பார்க்கவில்லை என்று நான் கேட்கத் தேவையில்லை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே அவர் புருஷன் இறந்துவிட்டார். ஆனாலும் கேட்டேன், யாராவது ஏதாவது சொன்னார்களா என்று.

"ஆரும் சொல்லலீங்க. நானாத்தான் போயி சமையக்கட்டுல நின்னுக்கிட்டேன். கெட்டிமேளம் நல்லாக் காதுல கேட்டுச்சுங்க."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். "இப்பவே இங்க போட்டுக் காட்டறேன், உக்காருங்க" என்று கம்ப்யூட்டரைத் திருப்பினேன். அக்கா பதறிக் கையை ஆட்டினார்.

"வேண்டாமுங்க. என்ற ஊட்டுலதான் பாக்கோணும். உங்க ஊட்டுல உக்காந்து நான் எப்படிங்க அழுவேன்?" என்று சிரித்தார்.

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. புதுச் சிடி எடுத்து, அரை மணி நேரம் வீட்டையே அடக்கி வைத்து, எழுதி முடித்தேன். மேல்பக்கம் பேனாவால் பெண், மாப்பிள்ளை பெயரை அழகாக எழுதினேன். படம் இரண்டு மணி நேரம். சுருக்கிப் போட்டும் சிடி விளிம்புவரை நிறைந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை அக்கா சிடியோடு திரும்பி வந்தார்.

"ஏனுங்க, எல்லாம் நல்லாத்தான் ஓடுதுங்க. சாயந்தரம் வரவேற்பு, காலையில மாப்பிள அழைப்பு, பொண்ணு வந்து மணையில உக்கார்றது, அய்யர் தேங்காயைக் கையில எடுக்கறது வரைக்கும். அப்புறம் கட்டங்கட்டமா உடைஞ்சு நின்னு போகுதுங்க."

வேறு எங்கேயும் நிற்காமல் அங்கே போய் நிற்க வேண்டுமா? மன்னிப்புக் கேட்டேன். சிடி கம்பெனியைத் திட்டினேன். அடுத்த சிடியை மெதுவான வேகத்தில் எழுதிக் கொடுத்தேன். அதுவும் திரும்பி வந்தது, அதே தேங்காயில் நின்று. இந்த முறை வேறு கம்பெனிச் சிடி வாங்கி, எழுதிய பிறகு கம்ப்யூட்டரில் கடைசிவரை நகர்த்தி நகர்த்திச் சோதித்தேன். தாலி கட்டும் இடம், அட்சதை விழுவது, பந்தி எல்லாம் ஓடின. படம் உடையாமல் போகிறதா என்பதுதான் என் கவலை. யார் முகத்தையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. நம்பிக்கையோடு கொடுத்தனுப்பினேன். மூன்றாவதும் வந்து சேர்ந்தது.

"உனக்குக் கல்யாண ராசி இல்ல. கிரிக்கெட்டோட நிறுத்திக்க" என்றார் வீட்டுக்காரர். அன்று அவருக்குச் சாப்பாட்டில் ரசம் மட்டும்தான்.

திரும்பி வந்த மூன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விளிம்போரமாகப் பளபளப்பான பக்கத்தில் நாலு இடத்தில் மெல்லிய கீறல்கள். சிடியில் படம் உள்வட்டத்தில் தொடங்கி வெளியே போகும். ஓரத்தில் கீறல் விழுந்தால் கடைசிப் பகுதிதான் சாகும். சரி, பிளேயர்தான் சிடியைக் கடித்துத் துப்புகிறது என்று முடிவு கட்டினேன். அந்தப் பிளேயரை நேரில் பார்த்து ஒரு கை பார்த்துவிடுவது என்று நாலாவது சிடியைப் பையில் போட்டுக்கொண்டு, ஞாயிறு பூசை முடிந்ததும் கொட்டச்சேடு பஸ் ஏறினேன்.

எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடு. வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அரசாங்கம் கொடுத்த டிவி மேல் புதுப் பிளேயர் துண்டு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காப்பி கொடுத்தார், முறுக்கு கொடுத்தார். நான் பிளேயரைத் திறந்து மூடிச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. சிடியை உறையிலிருந்து எடுத்தேன்.

"ஒரு நிமிசமுங்க" என்று அக்கா அதை என் கையிலிருந்து பக்குவமாக வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். திரும்பி வந்தபோது பளபளப்பான பக்கத்தில், ஓரமாக, நாலு திசையிலும் கொழகொழவென்று மஞ்சள். ஒவ்வொரு மஞ்சளின் நடுவிலும் சின்னதாகக் குங்குமம்.

"ஐயோ அக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "மூணு சிடியிலயும் இதத்தான் பண்ணீங்களா?"

"கல்யாணப் பத்திரிகைக்கு நாலு மூலையிலயும் மஞ்ச வெக்கறதுதானுங்களே. இது கல்யாணப் படம்." எழுதிய பக்கத்தில் ஏன் வைக்கவில்லை என்றதற்கு, "அது முதுகுங்க. கண்ணாடியாட்டம் மின்னுதே, இதுதானுங்களே மொகம்" என்றார்.

"அப்பறம் ஏன் எங்கிட்ட கொண்டாரப்ப ஒண்ணிலயும் மஞ்சளே இல்ல?"

அக்கா நெளிந்தார். "நீங்க மாதா கோயிலுக்குப் போற வேதக்காரங்க. பொட்டு வெச்சதப் பாத்தா ஏதாச்சும் நெனச்சுக்குவீங்கன்னு, சாம்பல் தொட்டுச் சுத்தமாத் தேச்சுட்டுத்தான் எடுத்தாந்தனுங்க."

சாம்பல் தொட்டு! பித்தளைச் சொம்பைப் போலத் தேய்த்திருக்கிறார். திட்டுவதற்கு நான் வாயைத் திறந்துவிட்டேன். எட்டாம் வகுப்பே நடுங்கும் திட்டு அது. அதற்குள் அவர் குனிந்தபடி சொன்னார்:

"பத்திரிகைக்கு மஞ்ச வெச்சதெல்லாம் நாத்தனாருங்க. மண்டபத்துலயும் மஞ்சத் தட்ட நான் தொடல. இது என்ற ஊடுதானுங்களே, ஆரு பாக்கப் போறாங்கன்னு வெச்சுட்டேன்."

சிடியைக் கையில் வாங்கிக்கொண்டேன். சிடியைத் துடைத்தே ஆக வேண்டும். ஆனால் அந்த மஞ்சளை என் கையால் துடைக்க எனக்கு மனம் வரவில்லை. உண்மையாகவே வரவில்லை. சுற்றிலும் பார்த்தேன். டிவி கண்ணில் பட்டது.

"அக்கா, வட்டத்துக்கு மூலையே கெடையாது. இருவது வருசமா இதத்தான் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறேன். டிவிக்குப் பாருங்க, கச்சிதமா நாலு மூலை இருக்குது. அதுல வையுங்க."

அக்காவின் முகம் மலர்ந்தது. மஞ்சள் கிண்ணத்தைக் கொண்டுவந்து டிவியின் நாலு மூலையிலும் நிதானமாக வைத்தார். நிறுத்தி, தலையைச் சாய்த்து அளவு பார்த்து, கீழ் மூலையில் இன்னும் கொஞ்சம் அப்பினார். நான் சிடியின் ஈர மஞ்சளைக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்துப் பிளேயரில் போட்டேன்.

வரவேற்பிலிருந்தே பார்க்க வேண்டும் என்றார். பார்த்தோம். மூன்று தடவை பார்த்து அவருக்கு எல்லாம் மனப்பாடம். இவர் சித்தப்பா மருமகன், இந்த அம்மா பந்தியில் சண்டை போட்டவர் என்று ஒவ்வொருவராகக் காட்டிச் சிரிக்க வைத்தார். அய்யர் தேங்காயைக் கையில் எடுத்ததும் நான் மாதாவைக் கும்பிட்டுக்கொண்டேன்.

படம் உடையவில்லை. தாலி வைத்த தேங்காய்த் தட்டு கூட்டத்துக்குள் கைமாறிப் போனது. எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துக் காத்திருந்தார். பெண் தலையைக் குனிய வேண்டும். அவள் குனியவில்லை. கழுத்தை எக்கி, எதிரே நின்றவர்களின் தலைகளுக்கு மேலாக, மண்டபத்தின் பின்பக்கத்தையே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். யாரோ ஒருவர் கை அவள் உச்சந்தலையை அழுத்தியது. அழுத்திய கைக்கு அடியிலிருந்து மறுபடியும் நிமிர்ந்து பார்த்தாள்.

அக்கா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"இங்கதான் இருக்கறேன் சாமி," என்றார். "நீ குனிஞ்சுக்க."

பெண் குனிந்தாள். கெட்டிமேளம் கொட்டியது.