எள்ளளவு நத்தையும் என் மில் தூசியும்

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் யாரையாவது நிறுத்தி, கிளிஞ்சல் யாரிடம் வாங்குகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப்பேர் என்னைத்தான் கைகாட்டுவார்கள். கோழித் தீவனத்தில் கிளிஞ்சல் கலக்காவிட்டால் முட்டை ஓடு தோல்போலத் தொளதொளத்துவிடும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, கடற்கரையிலிருந்து வந்த லாரிகளில் கிளிஞ்சல் மூட்டை இறக்கியவன் நான். இன்று அரைக்கிற மில்லும் என்னுடையது, லாரியும் என்னுடையது. எந்த மனிதனும் என்னைத் தூக்கிவிடவில்லை. கிளிஞ்சல்தான் தூக்கிவிட்டது.

அப்பேர்ப்பட்டவனை என் மகள் என் வீட்டு வாசலிலேயே நிறுத்தினாள்.

அவள் கடல் நத்தைகளை ஆராய்ச்சி செய்கிறவள். தலைப்பிரசவத்துக்கு வந்தபோது ஒரு மைக்ராஸ்கோப்பும் சின்னச் சின்னக் குப்பிகளும் கொண்டுவந்திருந்தாள். குப்பிகளில் இருந்தது கப்பல் அள்ளி வந்த ஆழ்கடல் சேறு, அலசிக் காயவைத்தது. நம் ஊரில் போர்வெல் போடுகிற ரிக் வண்டி எத்தனை குழாய் இறக்கினாலும் எட்டாத ஆழம். அந்தச் சேற்றில் ஏற்கெனவே ஒரு நத்தை கிடைத்திருந்தது. எள்ளளவுதான். இதுவரை யாரும் எழுதிவைக்காத இனம் என்று அவள் ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதியனுப்பியிருந்தாள். ஆனால் அதன் வாய் விளிம்பு உடைந்திருந்தது. வேறு பெரிய நத்தையின் குஞ்சாக இருந்தால் என்ன செய்வது என்று சரிபார்ப்பவர்கள் கேட்டுவிட்டார்கள். விளிம்பு முழுசாக இன்னொன்று கிடைத்தால்தான் அது வளர்ந்த நத்தை என்று காட்ட முடியும். இல்லாவிட்டால் அவள் பட்ட பாடெல்லாம் வீண்.

ஒரு நத்தைக்கா இந்தப் பாடு என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று சாயங்காலமே மில்லிலிருந்து ஒரு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன்.

"அப்பா, அங்கயே நில்லுங்க! உள்ள வந்துராதீங்க!"

"ஏஞ்சாமி? உனக்குத்தான் கொண்டாந்தேன். நத்தை என்ன, நத்தையோட பாட்டனே கெடப்பான் இதுல."

"இதெல்லாம் கரையோரத்துக் கிளிஞ்சலுங்கப்பா. உங்க சட்டையில இருந்து ஒரு துணுக்கு என் தட்டுல உழுந்தாப் போச்சு. எது ஆழத்துல கெடந்தது, எது உங்க மில்லுல கெடந்ததுன்னு யாரு நம்புவாங்க?"

உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "ஏனுங்க, மில்லு மொதலாளி! பொடக்காளியில தண்ணி வாத்துக்கிட்டு அப்பறமா ஊட்டுக்குள்ள வாங்க."

எழவுக்குப் போய்வந்தவன் மாதிரிக் கொல்லைப்புறத்தில் தலைக்கு ஊற்றி, வேட்டி மாற்றிக்கொண்டு உள்ளே போனேன். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

நானும் தேடுகிறேன் என்று மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்தேன். ஈரத் தூரிகையின் நுனியால் ஒவ்வொரு துகளாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். "மெதுவா மூச்சு உடுங்கப்பா, பறந்துரும்" என்றாள். நான் கொட்டாவி விட்டேன். அத்தோடு என்னை எழுப்பிவிட்டார்கள். பிரசவம் நல்லபடியாக முடிந்தபின், குழந்தை தூங்குகிற நேரத்தில் என் மனைவி உட்கார ஆரம்பித்தாள்.

ஒரு மத்தியானம் அவள் கூப்பிட்டாள். "அம்மிணி, இதக் கொஞ்சம் பாரு."

மகள் குனிந்து பார்த்தாள். சந்தோஷப்படவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்பா, எப்பவாச்சும் குளிக்காம இந்த ரூமுக்கு வந்தீங்களா?"

"குலசாமி சத்தியமா இல்லீங் கண்ணு."

எனக்குச் சோறு போட்ட கிளிஞ்சலைக் கண்டு அன்றுதான் பயந்தேன்.

தூரிகையால் அதைப் புரட்டினாள். "மூடி இருக்குதுங்கப்பா!" என்று கூவினாள். நத்தை உள்ளே சுருங்கி வாயை அடைத்துக்கொள்கிற மூடி அது. என் மூட்டைகளில் வருவதெல்லாம் எப்போதோ செத்துக் காலியாகி, அலையில் தேய்ந்து வெளுத்தவை. இதுவோ கண்ணாடிபோல, உள்ளே காய்ந்த நத்தையோடு இருந்தது. முதல் நத்தைக்கு இருந்த அதே வரிகள். விளிம்பு முழுசாக, தடித்திருந்தது. குஞ்சு இல்லை.

நானும் பார்த்தேன். நூல் சுற்றிய பம்பரம்போல வரிவரியாக இருந்தது. வெளிச்சமே போகாத இடத்தில் இத்தனை வேலைப்பாடு யார் பார்க்க?

கட்டுரை வெளிவந்துவிட்டது. கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில் அம்மா பெயருக்குப் பக்கத்தில் என் பெயரும் இருக்கிறது.

"உங்களுக்கு எதுக்குன்னு தெரியுமுங்களாப்பா? நித்தமும் குளிச்சதுக்கு!"

இருக்கட்டுமே. குளித்ததற்காக உலகம் பூராவும் படிக்கிற கட்டுரையில் பெயர் வந்த ஆள் இந்த ஜில்லாவில் வேறு யார்?

இப்போது மில்லில் சுவிட்சைப் போடுமுன் ஒரு கை கிளிஞ்சலை அள்ளிப் பார்க்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு உயிர் குடியிருந்திருக்கிறது. இத்தனை காலம் சோறு போட்டதற்கு ஒரு கும்பிடு போடுகிறேன். என் வேட்டியிலிருந்து ஒன்றுகூட அவள் தட்டில் விழாமல் இருந்ததற்கு இன்னொன்று.