அக்கா ஏறி நிற்க ஒரு பலகை

அலையே இல்லாத ஊரில் அலைப்பலகை செய்யக் கிளம்பியவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மற்ற முட்டாள்தனங்களைச் சொல்வது எளிதாக இருக்கும். பினாங்குக் கடலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சுமத்ரா குறுக்கே படுத்துக்கொண்டு பெரிய கடலை முழுக்க மறைத்துவிடும். எங்கள் கரைக்கு வந்து சேர்வதெல்லாம் கோப்பைத் தேநீரை ஊதினால் எழும் நெளிவுதான். ஃபெர்ரிப் படகு கடந்து போனால் கொஞ்சம் ஆடும். போதாக்குறைக்கு எனக்கு நீச்சலும் தெரியாது. முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு மற்றவர்களுக்கு நீந்தக் கற்றுத்தரும் ரகம்.

ஆனாலும் எண்பதுகளின் கடைசியில் ஜெலுத்தோங்கில் எங்கள் வாடகை வீட்டு முன்கூடத்தில், இரண்டு முக்காலிகளின்மேல், பிளாஸ்டிக் உறைக்குள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓர் அலைப்பலகை கிடந்தது. ஆறரை அடி நீளம். மேலே மெராந்தி மரத்தின் செந்நிற ரேகைகள். பக்கத்தில் பழைய குளிர்பெட்டியின் கம்ப்ரசர் கிழவனைப்போல் முனகிக்கொண்டிருந்தது. கண்ணை மூடினால் இன்றைக்கும் அந்த முனகல் கேட்கிறது.

ஆசை என்னுடையதல்ல, அக்காவுடையது. அவள் என்னைவிட ஆறு வயது மூத்தவள். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், சில்லுகளைப் பைக்குள் போட்டுக் காற்றை உறிஞ்சி மூடும் பிரிவில் வேலை. புதிய இயந்திரம் வாங்கியபோது அதைப் பழக அவளை மூன்று மாதம் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது எல்லோருக்கும் சாக்லெட் கொண்டுவந்தாள். தனக்கென்று கொண்டுவந்தது ஒரே ஒரு காட்சி. ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரையில் உட்கார்ந்து, பலகைமேல் ஏறி நின்று அலையோடு வருபவர்களைப் பார்த்தாளாம். அவள் வயதுப் பெண்களும் இருந்தார்களாம்.

"தண்ணிமேல நிக்கிறாங்கடா தம்பி. சும்மா, பஸ் ஸ்டாப்புல நிக்கிற மாதிரி," என்றாள். "ஒரு தடவ அப்படி நிக்கணும். ஒரே ஒரு தடவ போதும்லா."

அக்கா அதுவரை எதையும் வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. அப்பா போனபிறகு எங்களை இழுத்துக்கொண்டு வந்தவள் அவள்தான். வீட்டில் யாருக்கு என்ன வேண்டும் என்று அவள்தான் கேட்பாள். அதனால் நான் வாயைத் திறந்தேன். என் வாய் என்னைக் கேட்டுத் திறப்பதில்லை. "அதுக்கென்னக்கா, நான் செஞ்சு தரேன்" என்றேன். அப்போது நான் கடலுக்கு அக்கரையில் பிறை என்ற ஊரில் ஒரு பலகை ஆலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். மரத்தைத் தாள்போலச் சீவி எடுக்கும் வெனியர் தகடுகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. விரிசல் உள்ளவை கழிவுக் குவியலுக்குப் போகும். அங்கிருந்து சுருட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக ஃபெர்ரியில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பாய் வியாபாரி என்று நினைத்து ஒரு மலாய் மாது என்னிடம் விலை கேட்டார்.

உள்ளே வைக்கும் நுரைக்கட்டி, இடித்துப்போட்ட மீன் குளிரறை ஒன்றின் சுவரிலிருந்து கிடைத்தது. எத்தனை கழுவியும் அந்தப் பலகையில் கடைசிவரை கெம்போங் மீன் வாடை போகவில்லை. படகுக்குப் பூசும் பசையை ஆசையாக வாங்கிவந்து முதல் துண்டில் ஊற்றினேன். சுடுசோற்றில் வெண்ணெய் போட்டதுபோல நுரை கரைந்து குழியாகிப் போனது. அக்கா சத்தம் போடவில்லை. டின்னை எடுத்துப் படித்துப் பார்த்துவிட்டு, மறுநாள் தொழிற்சாலையில் விசாரித்து, நுரையைத் தின்னாத வேறு பசையின் பெயரை ஒரு காகிதத்தில் எழுதிவந்தாள். "வாங்கறதுக்கு முன்னால படிக்கிறது ஒரு நல்ல பழக்கம்" என்று அதன் கீழே எழுதியிருந்தாள்.

உறை போட்டுக் காற்றை உறிஞ்சுவது அவள் யோசனை. வெனியரை நுரைமேல் ஒட்டும்போது எல்லா இடத்திலும் ஒரே அளவு அழுத்தம் வேண்டும். கல்லை வைத்தால் கல் இருக்கும் இடம்தான் ஒட்டும். பலகையைப் பைக்குள் போட்டு உள்ளேயிருக்கும் காற்றை எடுத்துவிட்டால் வெளிக்காற்றே எல்லாப் பக்கமும் சமமாக அழுத்திப் பிடித்துக்கொள்ளும். "சில்லுக்குச் செய்யறதத்தான் செய்யறோம். இது கொஞ்சம் பெரிய சில்லு," என்றாள். தொழிற்சாலையில் அந்த இயந்திரம் ஓர் அறை அளவு. எங்களுக்கு வாய்த்தது கம்ப்ரசரின் காற்றிழுக்கும் பக்கம், மெத்தைக்குப் போடும் பிளாஸ்டிக் உறை, ஓரத்தை மூடக் கார் கண்ணாடிக்கு ஒட்டும் கறுப்புப் பிசின் நாடா, காற்று ஓட வழிவிட அம்மாவின் பழைய துண்டுகள். சோதனைத் துண்டு ஒன்றில் நடுவே பிளாஸ்டிக் தாள் போட மறந்தேன். அம்மாவின் பூத்துண்டு மரத்தோடு மரமாகிவிட்டது. அம்மா அதைத் தட்டிப் பார்த்தார். "கடல்ல போய் நிக்கிறதுக்குப் பலகையாம். துண்டாவது வீட்டுல நிக்குதா பாரு," என்றார்.

அடிப்பக்கம் அழகாக ஒட்டியது. மேற்பக்கம் ஒட்டியது ஒரு திங்கட்கிழமை. அக்காவுக்கு மதிய ஷிஃப்ட், எனக்கு விடுப்பு. காலையிலேயே பசை பூசி, வெனியரை விரித்து, உறையை மூடி, கம்ப்ரசரை ஓடவிட்டாள். பிளாஸ்டிக் சுருங்கி மரத்தைக் கவ்வியது. காதை வைத்துச் சுற்றிலும் கேட்டாள். அவள் காது அப்படி. தொழிற்சாலையில் கருவி காட்டுவதற்கு முன்பே எந்தப் பையில் கசிவு என்று சொல்லிவிடுவாளாம். "கொஞ்சம் கசியுது, பரவால்ல, கம்ப்ரசர் தாங்கும். ஆறு மணி நேரம். நீ கை வைக்காதே," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

கை வைக்காதே என்றால் எனக்கு உள்ளங்கை அரிக்கும். கசிவைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டால் அவள் வந்து மெச்சுவாள் என்று தோன்றியது. என் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்போதுதான் சாமி மாடத்தில் ஊதுபத்தியின் புகை ஜன்னல் பக்கம் வளைந்து போவதைப் பார்த்தேன். காற்று எங்கே இழுக்கிறதோ அங்கே புகை போகும்! ஊதுபத்தியை உருவிக்கொண்டு வந்து, உறையின் ஓரமெல்லாம் சாமிக்குக் காட்டுவதுபோல் மெல்லக் காட்டினேன். ஓரிடத்தில் புகை நூலாக இழுபட்டு உள்ளே போனது. நாடாவை அழுத்தினேன், நின்றது. உலகத்திலேயே பெரிய அறிவாளி நான்தான். இன்னொரு கசிவு இருக்குமோ என்று நடுப்பக்கம் குனிந்தேன். நுனி பிளாஸ்டிக்கில் பட்டது.

ஓட்டை விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. கம்ப்ரசரின் முனகல்தான் மாறியது. கவ்வியிருந்த உறை அந்த இடத்தில் தளர்ந்து, வெனியர் லேசாக எழும்பியது. கட்டைவிரலால் ஓட்டையை அடைத்தேன். நாடா மூன்றடி தள்ளி மேசையில் இருந்தது. விரலை எடுத்தால் காற்று உள்ளே போகும். அப்படியே குந்தியிருந்தேன். மார்க்கெட்டுக்குப் போயிருந்த அம்மா கூடையோடு வந்து நின்றார்.

"என்னடா, நாடி பாக்கிறியா?"

அம்மா நாடாவை எடுத்துத் தருவதற்குள் பசை பாதி இறுகிவிட்டது. மாலையில் உறையைப் பிரித்துத் தட்டிப் பார்த்தேன். பலகை முழுக்க 'டக் டக்' என்றது. பின்கால் வைக்க வேண்டிய இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, 'டொக்' என்றது. சின்னத் துளை போட்டு ஊசியால் பசை ஏற்றி, அம்மிக்கல்லைத் தூக்கி அதன்மேல் வைத்தேன். அக்கா வருவதற்குள் கல்லை எடுத்து, தேய்த்து, வார்னிஷும் பூசிவிட்டேன். இப்போது கிட்டத்தட்ட 'டக்' என்றது.

"எல்லாம் சரியா இருந்துச்சா?" என்றாள்.

"கல்லு மாதிரிக்கா," என்றேன். அவள் ஈர வார்னிஷில் படாமல் பலகையைக் காற்றில் தடவிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. என் தைரியம் மட்டும் எப்போதும் என்னைக் கேட்டுத்தான் வரும்.

அவள் பொதுக் குளத்தில் டீ-சட்டையும் நீளக் காற்சட்டையுமாக நீச்சல் பழகினாள். பத்து பெரிங்கிக் கடற்கரையில் காற்று வீசும் மாதங்களில் பலகைமேல் குப்புறப் படுத்து, பிறகு முட்டி போட்டுப் பழகினாள். சுற்றுலாப் பயணிகள் என்ன விளையாட்டு இது என்று கேட்டார்கள். டிசம்பரில் என் பழைய டாட்சன் காரின் கூரையில் பலகையைக் கட்டிக்கொண்டு நாட்டைக் குறுக்கே கடந்து கிழக்குக் கரைக்குப் போனோம். வழியெல்லாம் வெயில், மழை, மறுபடி வெயில். ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் நான் கயிறு பார்ப்பதுபோல ஏறி அந்த இடத்தைத் தட்டிப் பார்த்தேன்.

குவாந்தான் பக்கம், அந்தக் கரையில் அலை உண்மையான அலை. முதல் நாள் முழுக்க விழுந்தாள். இரண்டாம் நாள் காலை ஒரு நீளமான அலை வந்தது. முட்டி போட்டாள். முன்காலை ஊன்றினாள். பின்காலை வைத்து எழுந்தாள். இடுப்பு நிமிர்ந்தது, கைகள் இரண்டும் விரிந்தன, முகத்தில் அந்த பஸ் ஸ்டாப் அமைதி வரத் தொடங்கியது. அப்படியே பின்கால் சறுக்கிப் பின்னால் விழுந்தாள்.

பலகை அவளுக்கு முன்பே கரைக்கு வந்தது. நான் ஓடினேன். பின்கால் இடத்தில் வெனியர் பொரித்த அப்பளம்போல எழும்பியிருந்தது. அதைக் குதிகாலால் அழுத்தி, மேலே என் துண்டைப் போட்டேன். அக்கா தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து மணலில் உட்கார்ந்தாள். 

"எனக்கு இது ஒத்து வராதுடா தம்பி. முப்பது தாண்டிருச்சுலா. காலு சொன்ன பேச்சு கேக்கல."

உன் கால் கேட்டது, அக்கா, பலகைதான் கேட்கவில்லை என்று அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வரி. நான் ஊருக்கே வேடிக்கை பேசுகிறவன், அன்றைக்கு வாயில் வந்தது, "பரவால்லக்கா, முயற்சி பண்ணினியே." அவள் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

அடுத்த ஆண்டு கல்யாணமாகி பெர்த்துக்குப் போனாள். அவள் போன பிறகுதான் வீடு எத்தனை சத்தமில்லாதது என்று தெரிந்தது. பலகையை அம்மா துணி தேய்க்கும் மேசையாக்கினார். வீடு மாறியபோது அதுவும் எங்கோ போனது. ஜெலுத்தோங் கரையைத் தூர்த்து இப்போது நெடுஞ்சாலை போட்டுவிட்டார்கள். அதில் போகும்போதெல்லாம் காதைச் சாய்த்துக் கசிவு கேட்கும் அவள் முகம் வரும். ஒரு நல்ல வேடிக்கை தோன்றினால் முதலில் அவளிடம் சொல்லத்தான் இன்றைக்கும் திரும்புகிறேன். பக்கத்தில் யாரும் இருப்பதில்லை. தொலைபேசியில் பேசாமல் இல்லை. மழை, முழங்கால் வலி, மீன் விலை, எல்லாம் பேசுவோம். அந்த ஒரு வரியை மட்டும் முப்பது வருடமாக அடுத்த முறைக்குத் தள்ளிவைத்தேன்.

போன மாதம் அவள் மகள் ஒரு படம் அனுப்பினாள். பெர்த் கடற்கரை. அவளும் அவள் தம்பியும் பலகைகளோடு தண்ணீரில். அக்கா மணலில், எல்லோருடைய துண்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு. 'அம்மா எறங்க மாட்டாங்க மாமா. அவங்களுக்கு ஒத்து வராதாம்,' என்று கீழே எழுதியிருந்தாள்.

அன்றைக்கே கூப்பிட்டேன். ஊதுபத்தியிலிருந்து துண்டுவரை ஒரே மூச்சில் சொன்னேன். வழியில் இரண்டு வேடிக்கை செய்து பார்த்தேன், அவள் சிரிக்கவில்லை. "நீ நின்னுட்டேக்கா. நான்தான் உன்னக் கீழ தள்ளினேன்," என்று முடித்தேன். அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அதை மூடினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப இன்னொண்ணு செய்யி," என்றாள்.