அரைக்கிலோ கல்லும் என் பிஸ்டலும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் பந்தல்குடியில், தூத்துக்குடி ரோட்டு மேலேயே குடியிருந்தோம். முன்னால் என் வீட்டுக்காரரின் மளிகைக் கடை, அதை ஒட்டி வீடு, வீட்டுக்குப் பின்னால் பருத்தி மூடை அடுக்கும் நீளமான தகரக் கொட்டகை. நான் திருச்சுழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். தினமும் அருப்புக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து திருச்சுழிக்கு இன்னொரு பஸ். ஒரு பங்குனி மாதத்தில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் காது சுடுகிறது. யார் மேல் கோபம் என்பதுதான் போகப் போக மாறிக்கொண்டே வந்தது.

கல்லூரியில் என்.சி.சி.யில் ரைபிள் சுட்டுப் பரிசு வாங்கியவள் நான். கல்யாணத்தோடு அதெல்லாம் முடிந்தது என்று சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். பொம்பளைக்குத் துப்பாக்கி எதற்கு, யாரைச் சுடப்போகிறாள் என்று விசேஷ வீடுகளில் கேலி வேறு. என் வீட்டுக்காரர் அப்படி இல்லை. மாவட்ட அளவில் ஏர் பிஸ்டல் போட்டி வருகிறது, பெண்களுக்கும் உண்டு என்று பேப்பரில் பார்த்துவிட்டு வந்து சொன்னதே அவர்தான். பருத்தி எடுப்பு நேரத்திலும் கொட்டகையில் மூடைகளை ஒதுக்கி, பத்து மீட்டர் அளந்து, குறி வைக்கும் அட்டைக்கு மேல் ஒரு பல்பும் மாட்டிக் கொடுத்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எனக்குச் சொல்ல மனசு வராது.

ஏர் பிஸ்டல் என்பது காற்றின் அழுத்தத்தில் சின்ன ஈயக் குண்டு பாயும் கைத்துப்பாக்கி. ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்துச் சுட வேண்டும். போட்டியில் இரண்டு பிரிவுகள். நம் நாட்டில் செய்த பிஸ்டலுக்கு ஒன்று, எந்த நாட்டுப் பிஸ்டலையும் கொண்டுவரலாம் என்பது மற்றொன்று. எந்தப் பிரிவு என்று முடிவு செய்தால்தான் எந்தப் பிஸ்டல் வாங்குவது என்று முடிவு செய்ய முடியும். மதுரையில் ஒரு கடையில் நம் நாட்டுப் பிஸ்டலை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு குண்டுக்கும் குழலை மடக்கி ஏற்றுவதற்குள் தோள்பட்டை விட்டுப்போயிற்று. ட்ரிகர் அவ்வளவு கடினம், அதை இழுத்து முடிப்பதற்குள் குறி வட்டத்தை விட்டு இறங்கிவிடும். ஆனால் அந்தப் பிரிவில் வருகிற எல்லோருக்கும் அதே கஷ்டம்தானே. நான் சுட்டதைப் பார்த்துவிட்டு, என் கைக்கு அங்கே பரிசு நிச்சயம் என்று கடைக்காரரே சொன்னார். ஒரே குறை, அது மாவட்டத்தோடு சரி. மற்றப் பிரிவில் முதலாவதாக வரும் பெண்ணைத்தான் மெட்ராஸில் நடக்கும் மாநிலப் போட்டிக்கு அனுப்புவார்கள்.

அந்தக் கடைக்காரர் மூலமாகவே ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவரிடம் பழைய ஜெர்மன் பிஸ்டல் இருப்பது தெரிந்தது. அதன் பிடியில் கை வைத்ததும் எனக்கென்றே செதுக்கிய மாதிரி உட்கார்ந்தது. என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். வாங்குகிறதை நல்லதாகவே வாங்கு என்றார். வாங்கிவிட்டோம்.

அந்தப் பிரிவுக்கு ஒரு சட்டம் உண்டு. ட்ரிகர் அரைக்கிலோ எடையைத் தாங்க வேண்டும். குண்டு போடாமல் பிஸ்டலைத் தயார் செய்து, வாய் மேலே பார்க்கும்படி பிடித்து, ட்ரிகரில் அரைக்கிலோ எடையை மாட்டித் தூக்குவார்கள். 'டப்' என்று வெடித்துவிட்டால் அந்தப் பிஸ்டல் ஆகாது. ட்ரிகர் எவ்வளவு லேசோ அவ்வளவு சுலபமாகக் குறி விழும் என்பதால் எல்லோருக்கும் அது ஒரு வரம்பு. என்னுடையதைப் பழைய சொந்தக்காரர் கொஞ்சம் கடினமாகவே முறுக்கி வைத்திருந்தார். அதை இளக்க உள்ளே ஒரு குட்டித் திருகாணி இருந்தது. வரம்பை ஒட்டிக் கொண்டுபோகாதே, கொஞ்சம் கூடுதலாகவே விட்டு வை என்று விற்கும்போதே அந்த ராணுவக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். நான் கேட்கிற ஆளா?

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கடையில் தராசுப் பக்கத்தில் கிடந்த அரைக்கிலோ கல்லை எடுத்து வந்தேன். சணல் கயிற்றில் கட்டி, கம்பியை வளைத்துக் கொக்கி போட்டு, கொட்டகையில் உட்கார்ந்து திருகாணியை மயிரிழை மயிரிழையாக இளக்கினேன். இளக்குவது, கல்லை மாட்டித் தூக்குவது, மறுபடி இளக்குவது. கடைசியில், இன்னும் ஒரு இழை இளக்கினால் வெடித்துவிடும் என்கிற இடத்தில் நிறுத்தினேன். அப்போது கொட்டகை வாசலில் நிழல் தட்டியது. என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். கயிற்றில் தொங்கிய கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அரைக்கிலோவைத் தாங்குது பாருங்க என்று ஆசையாகத் தூக்கிக் காட்டினேன். கடையில் ஆள் நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, அருப்புக்கோட்டையில் காலியாகக் கிடந்த ஒரு குடோனில் போட்டி. துப்பாக்கிகளைச் சோதிக்கும் மேஜையில் தலை நரைத்த அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் பிஸ்டலை வாங்கி, பித்தளை எடை ஒன்றை மாட்டித் தூக்கினார். டப். மறுபடி தூக்கினார். டப். மூன்றாவது தடவையும் அதே சத்தம். வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் கோபப்படவே இல்லை. மேஜை டிராயரைத் திறந்து ஒரு குட்டித் திருப்புளியை எடுத்து என்னிடம் நீட்டினார். "ரெண்டு சுத்து முறுக்கிட்டு வாம்மா. இன்னும் அரைமணி நேரம் இருக்கு" என்றார்.

இன்றைக்கு நினைத்தாலும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது. அந்தத் திருப்புளியை நான் கையில் வாங்கவில்லை. என்னுடையது சரி, உங்கள் எடைதான் கூடுதல் என்றேன். முறுக்கினால் ட்ரிகர் பழையபடி கடினமாகும், என் குறி கெடும், அதற்காகத்தான் இப்படிச் செய்கிறீர்களா என்றும் கேட்டேன். அவருக்குத் தெரிந்த பெண் ஒருத்தி அதே பிரிவில் சுடுகிறாள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதை வைத்து மனசுக்குள் ஒரு முழுக் கதையும் கட்டி முடித்துவிட்டேன். அவர் பொறுமையாக, எடை சோதித்து வாங்கியதுதானம்மா என்றார். அப்போது நான் சொன்னது குடோன் முழுக்கக் கேட்டிருக்கும்.

"நாங்க கடை வச்சிருக்கவுக சார். அரைக்கிலோ எம்புட்டுன்னு நீங்க எங்களுக்குச் சொல்லித் தரணுமா?"

அவர் திருப்புளியை மேஜை மேல் என் பக்கமாகவே வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அரைமணி நேரமும் அது அங்கேயே கிடந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றேன். நேரம் முடிந்ததும் என் பெயரை அடித்துவிட்டார்கள். அந்தப் பெண்தான் முதலாவது வந்தாள். கொட்டகையில் நான் தினமும் சுடுகிற கணக்கைவிடக் குறைவாகவே சுட்டிருந்தாள். மெட்ராஸுக்கு அவள் போகப்போகிறாள். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரத்தில் பல்லைக் கடித்ததில் தாடைதான் வலித்தது.

வீட்டுக்கு வந்து கத்தித் தீர்த்தேன். மாவட்ட ஆட்சியருக்கே மனு எழுதுவேன் என்றேன். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, விட்டுத்தள்ளு, பெரிய இடத்தோடு நமக்கு எதற்கு வம்பு என்றார். எனக்கு நடந்த அநியாயத்துக்கு ஒரு வார்த்தை பேசத் திராணி இல்லையே இந்த மனுஷனுக்கு என்று அவர் மேலும் எரிச்சல் பட்டேன். மூன்று பக்கத்துக்கு மனு எழுதினேன். அதிகாரியின் எடை போலியானது என்று இரண்டு இடத்தில் அடிக்கோடு போட்டிருந்தேன். அத்தாட்சி வேண்டுமே. திங்கட்கிழமை காலை என் வீட்டுக்காரர் குளிக்கப் போன நேரம், கடைக்குள் போய் அதே அரைக்கிலோ கல்லை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

எங்கள் பள்ளியின் அறிவியல் ஆய்வகத்தில் பெரிய தராசும் பித்தளை எடைகளும் உண்டு. அறிவியல் டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லி, எடை போட்டு ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னேன். அவர் ஒரு தட்டில் எங்கள் கல்லை வைத்தார். மறு தட்டில் ஐந்நூறு கிராம் வைத்தார். பித்தளை எடை இருந்த தட்டு மடமடவென்று கீழே இறங்கியது. டீச்சர் தட்டுகளை மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு பத்துப் பத்துக் கிராமாகக் குறைத்துக்கொண்டே வந்தார். நானூற்று அறுபதில் முள் நேராக நின்றது.

கல்லைத் திருப்பிப் பார்த்தேன். இரும்புக் கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் ஈயம் ஊற்றி, அதன் மேல்தான் அரசாங்க முத்திரை குத்துவார்கள். எங்கள் கல்லில் ஈயமும் இல்லை, முத்திரையும் இல்லை. சுரண்டி எடுத்துவிட்டுத் தாரை அடைத்து வைத்திருந்தது. டீச்சர் என் முகத்தைப் பார்க்காமல் பித்தளை எடைகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினார். கையெழுத்து வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சாயந்திரம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கல்லை என் வீட்டுக்காரர் முன்னால் வைத்தேன்.

"கொட்டகை வாசல்ல நின்னு பாத்தீகளே. இது கொறஞ்ச கல்லுன்னு அப்பவே ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

கல்லை எடுத்து, தார் தெரியாதபடி நிமிர்த்தி வைத்தார். "தெரியும்" என்றார். கொஞ்சம் கழித்து, "சொன்னா நீ என்னைய என்னான்னு நெனப்ப?" என்றார்.

அப்புறம் கல்லாவுக்குக் கீழே குனிந்து, துணியில் சுற்றியிருந்த இன்னொரு அரைக்கிலோ கல்லை எடுத்து வைத்தார். அடியில் ஈயம், ஈயத்தில் முத்திரை. எடை சோதிக்க அதிகாரி வருகிற அன்றைக்கு மட்டும் வெளியே வருகிற கல். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சரியான கல் வீட்டிலேயே இருந்திருக்கிறது. அது அழுக்கா இருக்கு, இதை வச்சுப் பாரு என்று ஒரு பொய்யையாவது சொல்லி அன்றைக்கு அதைக் கையில் கொடுத்திருக்கலாமே. நான் தோற்று வந்தாலும் பரவாயில்லை, தன் குட்டு உடையக் கூடாது என்று பல்பு மாட்டிக் கொடுத்த அதே மனுஷன் நினைத்திருக்கிறார்.

அதோடு நிற்கவில்லை. மற்றக் கற்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய் ஆய்வகத்தில் எடை போட்டேன். ஒரு கிலோ சரி. இரண்டு கிலோ சரி. ஐந்து கிலோ சுத்தம். அரைக்கிலோவில் மட்டும்தான் கை வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை, தினமும் பார்க்கிறேனே. கிலோக் கணக்கில் வாங்குகிறவர்கள் வீட்டில் தராசு இருக்கும், கேள்வி கேட்க வாயும் இருக்கும். பருத்தி எடுத்துவிட்டுச் சாயந்திரம் நேராகக் கடைக்கு வருகிற பெண்கள்தான் அரைக்கிலோ அரிசி, அரைக்கிலோ பருப்பு என்று மடியில் வாங்கிக்கொண்டு போவார்கள். அன்றன்றைக்குக் கூலி, அன்றன்றைக்கு உலை. அவர்கள் அரிசியில்தான் தினமும் நாற்பது கிராம் எங்களிடம் தங்கியிருக்கிறது. அதைச் சாப்பிட்ட தெம்பில்தான் நானும் பிஸ்டலைத் தூக்கியிருக்கிறேன்.

தார்க் கல்லைக் கொட்டகைக்குப் பின்னாலிருந்த பாழுங்கிணற்றில் நானே போட்டேன். முத்திரைக் கல் தராசுக்கு வந்தது. நானில்லாத நேரத்தில் மாறிவிடக் கூடாது என்று நெடுநாள் தினமும் திருப்பிப் பார்த்தேன். அவர் அதற்கு ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. மூன்று பக்க மனுவைக் கிழித்துவிட்டு, அந்த அதிகாரிக்கு நாலு வரியில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. வராததும் நியாயம்தான். பிஸ்டலை அதன் பிறகு நான் போட்டிக்குக் கொண்டுபோகவில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் நான் செய்யவில்லை. அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. ஒருத்தி, எங்கள் தெருவைத் தாண்டித்தான் வீடு, புதுக் கல்லில் நிறுத்துப் போட்ட முதல் நாளே பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு என்ன டீச்சரு, கனமா இருக்கு?" என்று சிரித்தாள். சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. டீச்சர் வீட்டுக் கடையிலா இப்படி என்று ஊர் கேட்குமே என்று விழுங்கிவிட்டேன். நானும் சும்மா சிரித்துவைத்தேன்.

என் வீட்டுக்காரர் இப்போது இல்லை. அன்று கொட்டகை வாசலில் அவர் உண்மையைச் சொல்லாமல் திரும்பிப் போனதற்காக அவர் மேல் எனக்கு இருந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறாமல் இருக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்றும் தெரியவில்லை. இத்தனை எழுதியும் ஊர்ப் பெயரைப் போட்டிருக்கிறேனே தவிர, என் பெயரையோ கடைப் பெயரையோ போட மனசு வரவில்லை பாருங்கள். என்னிடமாவது தவறைச் சரிசெய்துகொள் என்று ஒருவர் திருப்புளியை நீட்டினார், ஒரு மெடலை இழந்ததற்கே நான் ஊரைக் கூட்டினேன். வருஷக்கணக்கில் குறைவாகவே வாங்கிப்போன அந்தப் பெண்களுக்குக் கோபப்படுகிற உரிமையைக்கூட நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கொடுக்காமல் வைத்துக்கொண்டோம் என்பதுதான், எங்கே அரைக்கிலோ கல்லைப் பார்த்தாலும் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.