வியர்த்த தோமையார்

ஃப்ளோரன்ஸ் டீச்சருக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுமை கொஞ்சம் குட்டை. சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினெட்டு வருஷமாக ஓவியம் கற்பித்தாள். கற்பித்தது பெரும்பாலும் பூசணிக்காய். மேலிடத்து உத்தரவு அப்படி.

1943இல் சண்டையால் சீமையிலிருந்து வர்ணப் பெட்டிகள் வருவது நின்றுபோனது. அவளிடம் மிஞ்சியது நீலமும் காவியும் ஒரு துளி கறுப்பும்தான். ஒருநாள் சமையலறையில் உட்கார்ந்து காகிதத்தில் நீலத்தைப் பூசிக்கொண்டிருந்தபோது, ரசத்துக்கு எடுத்த கல்லுப்பு கை தவறி அதன்மேல் கொட்டியது. திட்டிவிட்டு அப்படியே போட்டாள். காய்ந்ததும் பார்த்தால், ஒவ்வொரு கல்லும் தன்னைச் சுற்றியிருந்த நீலத்தை உறிஞ்சிக்கொண்டு ஒரு வெளுத்த பூவை விட்டிருந்தது. மிச்சமிருந்த உப்பும் அடுத்த காகிதத்துக்குப் போயிற்று.

அவள் கணவன் காஸ்பர் டிராம் கண்டக்டர். பசியோடு வந்து ஒரு வாய் சாப்பிட்டான்.

"இன்னாடி இது? சோத்துல உப்பு இல்ல, படத்துல கீது!"

"படம் வாயத் தொறந்து குறை சொல்லாது. நீங்க சொல்லுவீங்க."

அதன்பின் அந்த வீட்டில் எந்தப் பொருளுக்கும் பாதுகாப்பு இல்லை. தேவாலயத்தில் மணியடிக்கும் கோயில்பிள்ளை ராஜநாயகத்திடம் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளைக் கேட்டு வாங்கினாள். மெழுகால் கோடு போட்டு மேலே நீலம் பூசினால், கோட்டில் மட்டும் வர்ணம் ஒட்டாது. அதுதான் அலையின் நுரை. காய்ந்த பீர்க்கங்கூட்டை ஒற்றினால் பழஞ்சுவர். டூத்பிரஷை உதறினால் தூறல். காஸ்பருக்கு ஒரு வாரம் நீலப் பல்.

டிசம்பரில் இயேசுவின் சீடர் தோமையாரின் திருநாள் வந்தது. குப்பத்துச் சின்னக் கோயிலின் சாமியார் அகஸ்டின், கூடத்தில் மாட்ட ஒரு படம் கேட்டார். தோமையார் மயிலாப்பூர்க் கரையில் வந்து இறங்குவதாக வரைந்தாள். மணலுக்கு ரவையைப் பசையில் குழைத்து அப்பினாள். நரைத்த புருவத்துக்கும் தாடிக்கும் உப்பு. காய்ந்ததும் உப்பைத் தட்டிவிட வேண்டும். ஆனால் அது மினுமினுத்த அழகில் தட்டிவிட அவளுக்கு மனசு வரவில்லை.

படம் மாட்டிய மறுநாள் மழைக்காற்று அடித்தது. ராஜநாயகம் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"டீச்சரம்மா! தோமையார் அழுவுறாரு!"

"அழுவுல. கசியுறாரு. அது கல்லுப்பு."

அவள் போவதற்குள் கூடம் நிரம்பிவிட்டது. புருவத்து உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் கரைந்து, கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. சண்டைக்காக அழுகிறார் என்றாள் ஒருத்தி. தன் மருமகனின் குடிக்காகத்தான் என்றாள் இன்னொருத்தி. சாமியார் ஒரு சொட்டை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"கரிக்குது" என்றார்.

"கண்ணீர்னா கரிக்காதா பின்ன?" என்றது கூட்டம்.

ஃப்ளோரன்ஸ் பெஞ்சின்மேல் ஏறி நின்றாள். "மழைக்காலத்துல உங்கூட்டு உப்பு ஜாடி கசியுறதில்ல? தோமையாரே இயேசுவோட காயத்தத் தொட்டுப் பாத்துதான் நம்புனாரு!"

"நாங்க தொட்டாச்சு. சாமியார் நக்கியும் பாத்தாச்சு. எறங்கு டீச்சரம்மா, மறைக்குது."

இறங்கினாள். மூன்று நாள் கூட்டம் குறையவில்லை. அவளுக்குக் கோபம் உப்பைப் பற்றியல்ல. இதுவரை இத்தனை பேர் தன் படத்தை இத்தனை நேரம் பார்த்ததில்லை. பார்த்தவர்களில் ஒருவர்கூடக் கடலைக் கவனிக்கவில்லை. தனியே போய் உட்கார்ந்து அழுதாள். அதை யாரும் அற்புதம் என்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஜைதூன் பீ வந்தாள். துணிகளில் ஜரிகை வேலை செய்பவள். அழும் முகத்தை விட்டுவிட்டு, குனிந்து படத்தின் அடிப்பக்கத்தையே பார்த்தாள்.

"இந்த மணலு எப்டிம்மா வந்திச்சு? பிரஷ்ஷால குத்துனா இப்டி வராதே."

"ரவை."

"உப்புமா ரவையா? எறும்பு வருமே!"

"வந்தாச்சு. தோமையாரோட கால் கட்டைவிரல் போயாச்சு."

ஜைதூன் பீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஃப்ளோரன்ஸ் பொத்தவில்லை. முழங்காலில் இருந்தவர்கள் திரும்பி முறைத்தார்கள்.

திருநாள் முடிந்ததும் சாமியார் படத்தைக் கழற்றித் தன் சமையல்காரரின் அடுப்புக்கு மேலே மாட்டச் சொன்னார். அடுப்புச் சூட்டில் அழுகை நின்றது. திருநாள் நல்லபடியாக நடந்ததில் தோமையாருக்குத் திருப்தி என்று பேசிக்கொண்டார்கள். ஃப்ளோரன்ஸ் மறுக்கவில்லை, அலுத்துவிட்டது.

சனிக்கிழமைகளில் ஜைதூன் பீ வர ஆரம்பித்தாள். காகிதத்தில் ஊசியால் பூ வடிவத்துக்கு ஓட்டை போட்டு, சுண்ணப்பொடியைத் தேய்த்துத் துணியில் இறக்குவது அவள் தொழில். வலை வடிவத்துக்கு ஓட்டை போட்டு, பொடிக்குப் பதில் நீலத்தைத் தேய்த்துப் பார்த்தார்கள். கரையில் உலர்த்திய மீன்வலை ஒன்று, கண்ணி கண்ணியாக, காகிதத்தில் விழுந்தது.

பிறகு, யார் பெயரை முதலில் எழுதுவது என்று சண்டை வந்தது. ஃப்ளோரன்ஸ் இடக்கோடியிலிருந்து தமிழில் எழுதினாள். ஜைதூன் பீ வலக்கோடியிலிருந்து உருதுவில் எழுதினாள்.