கூட்டம் உள்ள கதை மட்டும் பார்த்த எஸ்தரம்மா

திருப்பதியில் பத்தாம் வகுப்பு இந்தி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. சித்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த கணக்கு வாத்தியார் தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல் என் மேசைக்கு எதிரே வந்து நின்றார். "ஹாஸ்டல் எஸ்தரம்மா போயிட்டாங்க சார். காலம்பற. சாயங்காலம் எடுக்கறாங்களாம்" என்றார். கையில் இருந்த தாளுக்கு மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் எழுந்தேன். எந்தப் பிள்ளையின் தாளோ தெரியாது. கொஞ்சம் தாராளமாகவே போட்டிருப்பேன்.

பஸ் சந்திரகிரி தாண்டும்வரை எனக்கு அழுகை வரவில்லை. ஒரே ஒரு கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. சாமுவேலுக்கு யார் சொல்வது? இதைப் படிக்கும் சபையாரில் மூத்தவர்களுக்கு சாமுவேலைத் தெரியும். நம் மிஷன் பெண்கள் விடுதியின் சமையலறையில் வெந்து, புருஷன் இல்லாமல் எஸ்தரம்மா வளர்த்த ஒரே பிள்ளை. நடிகனாகப் போகிறேன் என்று பம்பாய்க்கு ரயிலேறினான். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு கார்டு வந்ததாம். அப்புறம் அதுவும் நின்றுபோனது. பம்பாய் போகிற நம் ஊர்க்காரர்கள் எல்லோரிடமும் எஸ்தரம்மா சொல்லி அனுப்பினார். போனவர்கள் எல்லோரும் கையை விரித்துக்கொண்டு திரும்பினார்கள். பிள்ளை இருக்கிறானா இல்லையா என்பதே தெரியாமல் ஒரு தாய் எப்படிச் சோறு தின்று உயிர் வாழ்ந்தாள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

நான் சித்தூரில் விடுதி இருக்கும் தெருவுக்குக் குடிவந்து, டிவி வாங்கி, மொட்டைமாடியில் தென்னைமர உயரத்துக்கு ஆண்டெனா நட்ட பிறகுதான் எஸ்தரம்மா என் வீட்டுப் படி ஏறினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தித் தொடர் வரும். தெருவே வந்து கூடத்தில் உட்காரும். தெலுங்குக்காரர்களும் உண்டு, தமிழர்களும் உண்டு; இந்தி தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒரு வரி முடிந்ததும் தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை அர்த்தம் சொல்வேன். வகுப்பில் ஒரு நாளும் கிடைக்காத அமைதி அங்கே கிடைத்தது. கொஞ்சம் மிதப்பாகத்தான் திரிந்தேன். கதை முடிந்த கையோடு எல்லோரும் ஆராதனைக்கு ஓடுவோம். முதல் பாட்டு முடிகிற நேரத்தில்தான் பாதி சபை உள்ளே நுழையும். போதகர் ஐயா திட்டித் திட்டி ஓய்ந்துபோயிருந்தார்.

எஸ்தரம்மா எல்லோரோடும் எதிரே உட்கார மாட்டார். டிவிக்குப் பக்கத்தில், கண்ணாடியில் மூக்கு படுகிற மாதிரி உட்காருவார். நான் சொல்லும் அர்த்தம் எதுவும் அவர் காதில் ஏறாது. கதாநாயகி விஷம் குடிக்கிறாள், கூடமே மூக்கைச் சிந்துகிறது, அவர் மட்டும் அந்தக் காட்சியில் தெரியும் ஜன்னலுக்கு வெளியே சைக்கிளில் போகிறவனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பிடித்த தொடர், பிடிக்காத தொடர் என்று உண்டு. ஆனால் தராசு வேறு. தெருவே கொண்டாடிய ஒரு குடும்பக் கதையைப் பற்றி அவர் சொன்னது இது: "இம்மாம் பெரிய வூடு. பாத்திரம் கழுவ ஒரு ஆளு இல்ல. அழுவறதுக்கு மட்டும் ஆறு பேரு. இத்தப் போயி பாத்துக்கினு இருக்கீங்களே சார்."

அப்போது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை அழகான இந்தி வசனத்துக்கு நடுவே பாத்திரத்தைப் பற்றி என்ன பேச்சு என்று எரிச்சல். இன்னொரு தொடர் வந்தது. சந்தையில் நடக்கும் கதை. நடிப்பு மகா மட்டம், வசனம் அதைவிட மட்டம். எஸ்தரம்மா இமைக்காமல் பார்த்தார். முடிந்ததும், "இது நல்லா இருக்குது சார். எத்தினி ஜனம் வருது போவுது" என்றார். ரயில் நிலையம், கோர்ட்டு, கல்யாண ஊர்வலம், கலவரம் இவை வந்தால் நல்ல கதை. நாலு சுவருக்குள் நடந்தால் தண்டம். அதன் காரணத்தை என் மனைவிதான் எனக்குச் சொன்னாள். "அந்தம்மா அந்தக் கூட்டத்துல புள்ளயத் தேடுதுங்க. ஒங்களுக்கு இன்னுமா தெரியல?"

ஒரு நாள் நானே கேட்டேன். இத்தனை பெரிய ஊரில் அவன் நடிகனானானா, வேறு வேலைக்குப் போனானா, யாருக்குத் தெரியும் என்றேன். எஸ்தரம்மா சங்கடப்படவில்லை. "கிறிஸ்மஸ் நாடகத்துல அவன் எப்பவும் மேய்ப்பன் சார். ஆட்டுக்குட்டியத் தூக்கிக்கினு பின்னால நிப்பான். ஒரு பேச்சு குடுக்க மாட்டாங்க. அதுக்கே ராத்திரி தூங்க மாட்டான். அவன் அத்த வுட்டுட்டு எங்க போவப்போறான்?" என்றவர், கொஞ்சம் கழித்துச் சேர்த்துக்கொண்டார்: "முன்னால நிக்கிறவங்களப் பாக்க ஊரே இருக்குது. பின்னால நிக்கிறவனப் பெத்தவதான் பாக்கணும்."

பிறகு அந்தச் சிறைச்சாலைத் தொடர் வந்தது. செய்யாத கொலைக்கு உள்ளே போன ஒரு டாக்டரின் கதை. ஒரு ஞாயிறு, கைதிகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் காட்சி. டாக்டர் உருக்கமாகப் பேசுகிறார், நானும் உருக்கமாகவே அர்த்தம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எஸ்தரம்மா கையை நீட்டிக் கண்ணாடியைத் தொட்டார். "சாமு" என்றார். சத்தமே இல்லை. "ஓரத்துல. அவங்க நைனா மாதிரியே தட்ட சாய்ச்சிக்கினு துன்றான் பாரு சார்." நான் பார்ப்பதற்குள் காட்சி மாறிவிட்டது. கூடத்தில் ஒருவரும் பார்க்கவில்லை, எல்லோரும் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திருப்பிப் போட்டுக் காட்டச் சொல்ல அது என்ன, நம் கையில் இருக்கிற புத்தகமா? நிச்சயமாக அவன்தானா என்று கேட்டேன். "பெத்த வயிறு சார்" என்றார். அன்று அவர் ஆராதனைக்கு வரவில்லை. என் வீட்டுச் சுவரில் சாய்ந்து, அணைத்த டிவியையே பார்த்துக்கொண்டு மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஞாயிறும் பார்த்ததாகச் சொன்னார். கைதிகள் கல்லுடைக்கப் போகிறார்கள், கடைசியில் ஒருவன் இடது தோளைத் தாழ்த்தி நடக்கிறான், அது சாமுவின் நடையாம். இந்தத் தடவை நானும் தோளைப் பார்த்தேன், முகம் திரும்பியிருந்தது. அன்றுதான் எஸ்தரம்மா முதல்முறையாக என்னிடம் கதையைக் கேட்டார். "அடுத்த வாரம் என்னா ஆவும் சார்?" அடுத்த வாரக் காட்சிகளைத் துண்டு துண்டாகக் காட்டியிருந்தார்கள். சிறையில் கலகம், துப்பாக்கிச் சூடு, கைதிகள் பலர் சாகிறார்கள். சொல்லாமல் விட்டிருக்கலாம். அர்த்தம் சொல்லிப் பழகின வாய், சொல்லிவிட்டது.

அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். "செத்துட்டா அப்புறம் காட்ட மாட்டாங்க இல்ல சார்?" என்றார். அது நடிப்பு என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. என்னைவிட நன்றாகத் தெரியும். கதையில் அந்த ஓரத்துக் கைதி செத்தால் அடுத்த ஞாயிறு தன் பிள்ளை கண்ணில் படமாட்டான், அவ்வளவுதான் கணக்கு. பம்பாயில் யாரோ எழுதுகிற ஒரு கதை, நம் தெருவில் ஒரு தாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அன்றைய ஆராதனையில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பிரசங்கம் முடிந்து, யாருக்காவது ஜெப விண்ணப்பம் உண்டா என்று போதகர் ஐயா கேட்டார். எஸ்தரம்மா எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "ஜெயில்ல இருக்கிற என் புள்ள சாவாம இருக்கணும். ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். கோயிலே ஆடிப்போனது. வக்கீல் குமாஸ்தா தேவசகாயம் அங்கேயே எழுந்து, எந்த ஊர் ஜெயில், என்ன செக்‌ஷன், ஜாமீனுக்கு நான் ஆள் பார்க்கிறேன் என்று ஆரம்பித்துவிட்டார். பெண்கள் பக்கம் ஒரே விசும்பல். எஸ்தரம்மா மறுபடி எழுந்து, "நெசமா ஜெயில் இல்லீங்க. டிவியில" என்றார்.

சிரிப்பு வரும் என்று நான் பயந்தேன். யாரும் சிரிக்கவில்லை. பாதிப்பேர் அந்தத் தொடரைப் பார்த்துவிட்டு ஓடிவந்தவர்கள்தானே.  போதகர் ஐயா கண்ணை மூடி, "ஆண்டவரே, அந்தக் கதையை எழுதுகிறவருடைய இருதயத்தைத் திருப்பும்" என்று ஜெபித்தார். சபை முழுக்க ஆமென் சொன்னது. டிவிக்காக எங்களை வாராவாரம் திட்டிய மனுஷர் அவர். அன்றிலிருந்து அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

அந்த வாரம் சனியன் வேறு ரூபத்தில் வந்தது. லைன் வேலை நடக்கிறது, ஞாயிறு பகல் முழுக்கச் சித்தூரில் கரண்ட் இருக்காது என்று சொல்லிவிட்டார்கள். எஸ்தரம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.  புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே நின்றார். சனிக்கிழமை பஸ் ஏறி அவரைத் திருப்பதிக்கு அழைத்துப்போனேன். என்னோடு படித்த தெலுங்கு நண்பர் ஒருவர் வீட்டில் தங்கினோம். வழியெல்லாம் அவர் கேட்டது ஒன்றுதான். "அங்க கரண்ட் போவாது இல்ல சார்?"

போகவில்லை. போயிருக்கலாம். கலகம் வந்தது, புகை வந்தது, சுட்டார்கள். கைதிகள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். ஓரத்தில் ஒருவன் முகம் மண்ணில் பட விழுந்தான். எஸ்தரம்மா, "வுழுந்துட்டான்" என்றார். நண்பரின் மனைவிக்கு விவரம் தெரியாது. "நாடகமே கதம்மா, எந்துக்கு ஏடுஸ்தாரு?" என்று தெலுங்கில் சமாதானம் சொன்னார். நாடகம்தானே, எதற்கு அழுகிறீர்கள் என்கிறார். "ஆமாம்மா, நாடகந்தான்" என்று எஸ்தரம்மா தலையாட்டினார். டாக்டர் தப்பித்துவிட்டார். அவருக்குத்தான் கதையில் இன்னும் பல வாரம் ஆயுள் இருந்தது. கதை எழுதுகிறவர்கள் எல்லோர்மேலும் எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை.

திரும்பும் பஸ் ஏறினோம். சித்தூர் நெருங்கும்போது, புத்தலப்பட்டுக்கு முன்னால் எஸ்தரம்மா என் பக்கம் திரும்பி, "சுட்டு முடிச்சதும் எழுந்து மண்ணத் தட்டிக்குவாங்க இல்ல சார்?" என்றார். ஆமாம் என்றேன். "அவங்களுக்கு டீ குடுப்பாங்களா?" கொடுப்பார்கள் என்றேன். பம்பாயில் ஸ்டூடியோ எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. "அப்ப வேற கதையில வேற வேஷம் குடுப்பாங்க" என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார்.

எந்தக் கதையிலும் அவன் வரவில்லை. எஸ்தரம்மா பார்ப்பதை நிறுத்தவில்லை. புராணம், சரித்திரம், துப்பறியும் கதை, எதுவானாலும் கூட்டம் இருந்தால் போதும். பிறகு கண்ணில் புரை விழுந்தது. ஆபரேஷனுக்கு வாருங்கள் என்று விடுதி வார்டன் கெஞ்சினார். கட்டுப்போட்டுப் படுத்தால் எத்தனை ஞாயிறு போய்விடும் என்று எஸ்தரம்மா மறுத்துவிட்டார். என்னிடம், "அர்த்தம் வேணாம் சார். பின்னால யார் யார் நிக்கிறாங்க, அத்தச் சொல்லு" என்றார். அன்றோடு என் இந்திப் புலமைக்கு வேலை போனது. கூடையோடு ஒரு கிழவர், தலைப்பாகை கட்டிய ஒருவன், பீடி பற்றவைக்கிற ஒரு பையன் என்று சொல்லிக்கொண்டே வருவேன். "ஒயரமா? தோளு எப்பிடி இருக்குது?" என்பார். நான் சொல்வேன். "இல்ல, அவன் இல்ல" என்பார். அந்த "இல்ல"வைக் கேட்டுக் கேட்டு எனக்குள் ஏதோ தேய்ந்துபோனது. அழுதுவிடலாம் போல இருக்கும். அவர் அழமாட்டார், "அடுத்தவன் யாரு சார்?" என்பார்.

சாவதற்கு முந்தின நாளும் ஞாயிறுதான். நான் திருப்பதியில் இருந்தேன். என் மனைவிதான் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டத்தைச் சொல்லியிருக்கிறாள். கல்யாணக் காட்சியாம், நிறையப் பேராம். எல்லோரையும் கேட்டு முடித்துவிட்டு, "நல்ல கதைம்மா" என்று சொல்லி எழுந்துபோனாராம்.

கல்லறையில் போதகர் ஐயா வசனம் வாசித்து முடித்தார். முதல் பிடி மண் பிள்ளை போடவேண்டும். அவர் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். யாருக்காக நிற்கிறார் என்று அத்தனை பேருக்கும் தெரியும்.  பிறகு விடுதிப் பிள்ளைகளை முன்னால் வரச் சொன்னார்.

எஸ்தரம்மாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்தப் பார்வை ஒன்றுதான். ஞாயிறு காலையில் டிவி போடுகிறேன். கதாநாயகன் ஏதோ பேசுகிறான், எனக்கு நன்றாகத் தெரிந்த இந்திதான், மனதில் நிற்பதில்லை. எஸ்தரம்மா ஒருவனைத் தேடினார். அவன் முகம் அவருக்குத் தெரியும், இல்லை என்று சொல்லி மற்றவர்களை ஒதுக்க முடிந்தது. நான் அந்தத் தெருவுக்கு வந்தது அவன் போன பிறகு. அவன் முகத்தை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அதனால் மூட்டை தூக்குகிறவன், வரிசையில் நிற்கிறவன், சுடப்பட்டு விழுகிறவன் என்று யாரையும் என்னால் ஒதுக்க முடியவில்லை. இவர்களில் எவனோ ஒருவனுக்கு அம்மா செத்துப்போனது இன்னும் தெரியாது.