இருட்டில் கட்டி வளர்த்த கன்று

என் மகனுக்கு அப்போது இரண்டு வயது. காய்ச்சலில் கிடந்து எழுந்தவன், எங்கள் செவலைப் பசுவின் பாலைத் தவிர எதையும் வாயில் வைக்க மறுத்தான். அந்தப் பசுவோ கன்று முட்டினால்தான் சுரக்கும். கன்று போனால் என் பிள்ளையின் பாலும் போகும்.

கணவருக்கு மேல்விஷாரத்தில் ஒரு தோல் மண்டியில் கணக்கெழுதும் வேலை கிடைத்ததால் அவர் முன்னதாகவே போய்விட்டார். கணியம்பாடியிலிருந்து நாங்கள் வாடகை மாட்டு வண்டியில் புறப்பட்டோம்: நான், பிள்ளை, கணவரின் அக்காவான என் நாத்தனார். கன்று வண்டியின் பின்பக்கத்தில். பசு வண்டிக்குப் பின்னால் கட்டப்பட்டு நடந்தது. வண்டிக்காரர் தம் மகள் வீட்டுக்கென்று ஒரு கன்றை ஏற்றியிருந்தார். இரண்டுக்கும் ஒரே வயது.

அயலார் பார்த்தால் கண் படும் என்று எங்கள் கன்றை அது பிறந்த நாள் முதல் நாத்தனார் நெற்குதிருக்குப் பின்னால் இருட்டில் தனியாகவே கட்டியிருந்தார். வெளியே விடலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் ஒரே பதில்தான்.

"நாலெழுத்து படிச்சிட்டா கன்னு வளக்கத் தெரிஞ்சிடுமா?"

வண்டிக்காரரின் கன்று ஏரிக்கரையில் ஆடுகளோடும் மற்றக் கன்றுகளோடும் இடித்துப் புரண்டு வளர்ந்தது.

வண்டி நகர்ந்ததுமே எங்களுடையது நடுங்கத் தொடங்கியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் விழுந்தது, எழுந்தது, கழிந்தது. வேலூர் வருவதற்குள் நாக்கைத் தள்ளிப் படுத்துவிட்டது. பக்கத்தில் அந்தக் கன்று காலை அகற்றி நின்றபடி எங்கள் வைக்கோலை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது.

"எவளோ பாத்துட்டா. நான் அப்பவே சொன்னேன், துணியப் போட்டு மூடுன்னு," என்றார் நாத்தனார்.

"யாரும் பாக்கல அண்ணி. இதுவரைக்கும் யாரையும் பாக்காம வச்சிருந்ததுதான் தப்பு."

வண்டிக்காரர் சிரித்தார். "இன்னாத்துக்கும்மா சண்டை? செத்தா தோலை உரிச்சு வைக்கோல் அடைச்சுக் குடுப்பாங்க. போற ஊர்ல தோலுக்கா பஞ்சம்? பொம்மைக் கன்னைக் காட்டினாலும் பசு கறக்கும்."

"எங்க பசு மோந்து பாத்தாலே கண்டுக்கும். வண்டிய நிறுத்துங்க."

"பொழுது சாஞ்சிடும்மா."

"சாயட்டும்."

வண்டி நின்றதும் இறங்கினேன். பிள்ளையை நாத்தனார் மடியில் விட்டுவிட்டு, கன்றை வண்டிக்காரர் துணையோடு புளியமரத்து நிழலில் இறக்கினேன். உப்பும் வெல்லமும் கரைத்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். பிறகு அவருடைய கன்றையும் அவிழ்த்து அதன் அருகில் விடச் சொன்னேன். அது வந்து எங்கள் கன்றின் காதை நக்கியது. பிறந்தது முதல் தாயைத் தவிர வேறு எந்த மாட்டின் மூச்சும் படாத உடம்பு. முதலில் விதிர்த்தது, பிறகு மெல்ல அதன் மேல் சாய்ந்தது. மீண்டும் ஏற்றியபோது இரண்டையும் ஒட்டி நிறுத்தினோம். எங்களுடையது விழவில்லை என்று சொல்லமாட்டேன். விழுந்தது, ஆனால் எழுந்தது.

மேல்விஷாரத்தில் இறங்கியதும் கன்றைப் பசுவிடம் விட்டோம். முட்டியது. பசு ஒரு குவளைக்கும் குறைவாகத்தான் கறந்தது. பிள்ளை குடித்தான். நான் உட்கார்ந்துவிட்டேன்.

நாத்தனார் அதற்குள் கயிற்றோடு விறகறைக்குப் போயிருந்தார்.

"தப்பிச்சதே பெரிசு. இனிமே யாரும் பாக்கக் கூடாது. இங்க கட்டுறேன்."

கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கினேன். அதுவரை அவரிடமிருந்து நான் எதையும் அப்படி வாங்கியதில்லை.

"கட்ட விடமாட்டேன் அண்ணி. பக்கத்து வீட்டு வாசல்ல நிக்குதே, அந்த பாய் கன்னுங்களோட மைதானத்துக்கு மேயப் போகட்டும்."

"நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா? புள்ள பாலுக்கு யாருடி பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

சொல்லிவிட்டேனே தவிர, மறுநாள் எங்கள் கன்று மற்றவற்றோடு தெருமுனை திரும்பி மறைந்ததும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். உள்ளே போகத் துணிவில்லை. கன்றைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வரவும் இல்லை.